பழைய அம்பாசிடரில் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் பொருத்தும்போது ஒயரிங் செய்யும் முறை

டைனமோ (எஞ்சினால் சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்) வைத்த பழைய அம்பாசிடரை இன்று கோவை அவிநாசி சாலை நெரிசலில் ஹெட்லைட் போட்டு ஓட்டுபவருக்கு அதன் குறை விரைவில் தெரிந்துவிடும். அக்காலத்து டைனமோக்கள் பெரும்பாலும் 20 ஆம்பியர் அளவே தரக்கூடியவை. எஞ்சின் ஐடிலிங்கில் நிற்கும்போது அதையும் தருவதில்லை. அதே வேலையைச் செய்யும் புதிய வகையான ஆல்டர்னேட்டரோ ஐடிலிங்கிலும் சார்ஜ் செய்யும். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்த, 45 ஆம்பியர் அளவுள்ள ஒன்று இந்தக் காருக்குத் தாராளம். உக்கடம் பழைய சாமான் கடைகளில் வாங்குவதானால், பெஞ்சில் சுற்றிக் காட்டச் சொல்லி வாங்குவது நல்லது.

முதலில் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்த பாசிட்டிவ் எர்த் வண்டியாக இருந்தால், நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றாமல் ஆல்டர்னேட்டரை இணைக்கவே கூடாது. இணைத்த நொடியே அதனுள் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் கருகிவிடும். பேட்டரியைத் திருப்பி வைத்து, இக்னிஷன் காயிலின் இரு சிறு ஒயர்களையும் இடம் மாற்றினால் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை; பழைய ரேடியோ இருந்தால் அதன் இணைப்பை எடுத்துவிடுங்கள்.

பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். புல்லிகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, பெல்ட்டை நடுவில் அழுத்தினால் சுமார் 12 மில்லிமீட்டர் இறங்கும்படி இழுத்துக் கட்டுங்கள்.

ஆல்டர்னேட்டரின் தடித்த போல்ட்டிலிருந்து 10 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை, பேட்டரி கேபிள் வந்து சேரும் ஸ்டார்ட்டர் சொலினாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) முனைக்கு, 60 ஆம்பியர் பியூஸ் வழியாகக் கொண்டு செல்லுங்கள். டைனமோவின் பழைய தடித்த ஒயர் பார்வைக்குப் போதுமானதாகத் தோன்றினாலும், அது பாதி மின்னோட்டத்துக்காகப் போடப்பட்டது. இவ்வாறு இணைத்தால் டேஷ்போர்டு ஆம்பியர் மீட்டர் சார்ஜைக் காட்டாது, செலவை மட்டுமே காட்டும்; எனவே ஒரு வோல்ட் மீட்டர் வைத்துக்கொள்வது என் விருப்பம்.

நம் ஊர் எலக்ட்ரீசியன்கள் கட்டவுட் என்று சொல்லும் ரெகுலேட்டர் பெட்டிக்கு இனி வேலை இல்லை; அழகுக்கு அப்படியே விட்டுவைக்கலாம். ஏ, ஏ1, டி, எஃப், ஈ என்று எழுத்திட்ட வகையாக இருந்தால், ஏ, ஏ1 இரண்டிலும் உள்ள ஒயர்களைக் கழற்றி ஒன்றாக முடுக்கி, ஸ்லீவ் போட்டு மூடுங்கள். டி முனையில் இருக்கும் மெல்லிய ஒயர் டேஷ்போர்டின் சிவப்பு எச்சரிக்கை விளக்கிலிருந்து வருவது. அதை, எஃப் முனையிலிருந்து டைனமோவுக்குப் போன ஒயருடன் சேர்த்து, மறுமுனையை ஆல்டர்னேட்டரின் எல் அல்லது டி பிளஸ் முனையில் மாட்டினால், புது ஒயர் இழுக்கும் வேலை மிச்சம். டைனமோவின் தடித்த ஒயரை இரு முனைகளிலும் கழற்றி எடுத்துவிடுங்கள்.

அந்தச் சிவப்பு விளக்கில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஆல்டர்னேட்டரின் காந்தப்புலத்தை எழுப்பும் முதல் மின்னோட்டம் அந்த விளக்கின் வழியாகவே செல்வதால், 12 வோல்ட் 2 வாட் அளவுள்ள சாதாரண பல்பே வேண்டும். எல்இடி போட்டால் போதிய மின்னோட்டம் போகாது. பல்பைத் தவிர்த்து, சாவியிலிருந்து நேராக ஒயர் இழுத்த ஒரு வண்டியைப் பொள்ளாச்சியில் பார்த்தேன்: சாவியை எடுத்த பிறகும் ஆல்டர்னேட்டரே இக்னிஷனுக்கு மின்சாரம் கொடுக்க, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. உரிமையாளர் கியரில் போட்டு கிளட்ச்சை விட்டுத்தான் அதை நிறுத்துவாராம்.

சாவியைத் திருப்பினால் விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால், ஆல்டர்னேட்டர் முனையில் மாட்டிய ஒயரைக் கழற்றி பாடியில் தொட்டுப் பாருங்கள்: அப்போது எரிந்தால் கோளாறு ஆல்டர்னேட்டரில், எரியாவிட்டால் பல்பிலோ ஒயரிலோ. ஓடும் எஞ்சினில் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் சரி. ஹெட்லைட் எரியும்போது ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஏதோ ஒரு லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) சரியாக முடுக்கப்படவில்லை.

சார்ஜ் ஆகிறதா என்று அறிய, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றிப் பார்க்கும் டைனமோ காலத்துப் பழக்கம் சில மூத்த மேஸ்திரிகளிடம் இன்னும் இருக்கிறது. மரியாதையாகவே தடுத்துவிடுங்கள், பேட்டரி விலகிய கணத்தில் மின்னழுத்தம் எகிறி, ரெகுலேட்டரும் டயோடும் சேர்ந்தே போகும்.