ஆட்டுக் கருமுட்டையை லேப்பில் முதிர வைக்கும்போது ஆன்டிஆக்சிடன்ட் சேர்ப்பது எப்படி

கோலாலம்பூரில் ஆடு, மாட்டுக் கரு ஆராய்ச்சிக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த ஆன்டிஆக்சிடன்ட் போடலாம்?" என்பதுதான். ஆன்டிஆக்சிடன்ட் என்றால் ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுக்கும் பொருள். என்னைக் கேட்டால் அதில் சிஸ்டியாமின் என்ற பொடியில் தொடங்குங்கள். ஆனால் அறுப்புக் கூடத்திலிருந்து சினைப்பை வந்து சேரும் விதம் சரியில்லை என்றால் எந்தப் பொடியும் அதைக் காப்பாற்றாது. ஷா ஆலாம் பக்கத்திலிருந்து காலை ஜாமில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் வர வேண்டியிருந்தால், வெதுவெதுப்பான உப்புக் கரைசலில், 30 முதல் 35 டிகிரிக்குள், நல்ல தெர்மாஸில் வைத்துக் கொண்டு வாருங்கள். காரில் ஏர்கானுக்கு நேராக வைக்கவே வேண்டாம்.

ஆன்டிஆக்சிடன்ட் ஏன் வேண்டும் என்றால், உடம்புக்குள் கருக்குழாயில் ஆக்சிஜன் 2 முதல் 8 சதவீதம்தான், சாதாரண இன்குபேட்டரில் ஏறக்குறைய 20. மைக்ரோஸ்கோப் வெளிச்சம் வேறு. இதனால் முட்டைக்குள் ஆக்சிஜன் ரேடிக்கல்கள் (மற்றதைத் தாக்கும் ஆக்சிஜன் துகள்கள்) கூடி, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியாவைக் கெடுக்கின்றன. அதை எதிர்க்க முட்டை தானே வைத்திருக்கும் பெரிய ஆயுதம் குளூட்டாதயோன். அது முதிரும்போதுதான் சேருகிறது. பிறகு உள்ளே வந்த விந்தணுவின் தலையைப் பிரித்து ஆண் முன்கருவாக்கவும் (விந்தணுவிலிருந்து உருவாகும் உட்கரு) அதுதான் வேண்டும். குளூட்டாதயோன் செய்ய சிஸ்டீன் (cysteine) என்ற அமினோ அமிலம் தேவை. மீடியத்தில், அதாவது முட்டையை வைக்கும் வளர்ப்புத் திரவத்தில், உள்ள சிஸ்டீனோ சீக்கிரமே ஆக்சிஜனேற்றமாகி சிஸ்டினாகிவிடும் (cystine), அதை முட்டையால் சரியாக எடுத்துக்கொள்ள முடியாது. சிஸ்டியாமின் அந்தச் சிஸ்டினை மறுபடி சிஸ்டீனாக்கிக் கொடுக்கிறது. இதில் பாதி வேலை முட்டையைச் சுற்றியிருக்கும் கியூமுலஸ் செல்களுடையது, அதனால் குறைந்தது மூன்று அடுக்கு செல்லும் சீரான சைட்டோபிளாசமும் உள்ள முட்டைகளை மட்டும் எடுங்கள், வழுக்கையாக நிற்பதை ஒதுக்கிவிடுங்கள்.

சரி, கலக்கும் முறை. சிஸ்டியாமின் ஹைட்ரோகுளோரைடு 11.4 மில்லிகிராம் எடுத்து 10 மில்லிலிட்டர் மீடியத்தில் கரைத்தால் 10 மில்லிமோலார் கிடைக்கும். 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, அதில் 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் முதிர்ச்சி மீடியத்தில் விட்டால் 100 மைக்ரோமோலார். பலரும் பயன்படுத்தும் அளவு இதுதான். அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்ளுங்கள், காற்றுப் பட்டால் வீரியம் போய்விடும், பழைய பாட்டிலை வைத்து ஓட்டிவிட்டு "பலன் இல்லை" என்று எழுதுவது அநியாயம்.

மெலடோனின், ரெஸ்வெரட்ரால் போன்ற வேறு ஆன்டிஆக்சிடன்ட் போட விரும்பினால் எத்தனாலிலோ டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானிலோ கரைக்க வேண்டும். இரண்டையும் வெளிச்சத்திலிருந்து மறைத்து, அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். கரைப்பான் மட்டும் போட்ட ஒரு கிணறும் (தட்டில் முட்டையை வைக்கும் குழி) கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் வந்த மாற்றம் மருந்தாலா எத்தனாலாலா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, கொழுப்பில் கரையும் பொருட்கள் மேலே ஊற்றும் மினரல் ஆயிலுக்குள் போய்விடும், அதனால் இவற்றுக்கு, மீடியத் துளிகளை எண்ணெயால் மூடும் துளி முறையை விட எண்ணெய் இல்லாத கிணறு நல்லது. பீட்டா மெர்காப்டோஎத்தனாலும் குளூட்டாதயோனைக் கூட்டும், ஆனால் நாற்றமும் நச்சும் உண்டு, ஆவியை உறிஞ்சும் ஃபியூம் ஹூடுக்கு வெளியே திறக்காதீர்கள்.

இரண்டு மூன்றை ஒன்றாகக் கலக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். முட்டை முதிர்வதற்கே சிறிதளவு ரேடிக்கல் சமிக்ஞை தேவை, ஒரேயடியாகத் துடைத்துவிட்டால் அதுவும் கெடுதல்தான். முதிர வைக்க வழக்கமாக எடுக்கும் டிசிஎம் 199 மீடியத்திலேயே கொஞ்சம் விட்டமின் சி, குளூட்டாதயோன் எல்லாம் இருக்கின்றன. சீரம் சேர்த்தால் அதுவும் தன் பங்குக்குக் கொண்டுவரும், எந்தப் பாட்டில் சீரம் என்று நோட்டில் எழுதுங்கள்.

பிறகு இன்குபேட்டரில் 38.5 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. மாட்டுக்கு 22 முதல் 24 மணி நேரம், ஆட்டுக்கு 24 மணியை ஒட்டி அல்லது சற்றுக் கூட, பன்றிக்கு 42 முதல் 44.

முதல் துருவ உடல் (முதிரும்போது முட்டை வெளித்தள்ளும் சிறு செல்) வெளிவந்ததைப் பார்த்தவுடன் வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். அது உட்கருவின் முதிர்ச்சி மட்டும், ஆன்டிஆக்சிடன்டின் பலன் பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில்தான் இருக்கும். சில முட்டைகளை எடுத்து டிசிஎஃப்டிஏ சாயத்தில் ரேடிக்கலையும், செல்டிராக்கர் புளூவில் குளூட்டாதயோனையும் பாருங்கள், மீதியைக் கருவூட்டி ஏழாம் எட்டாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே நீர்க்குழி கொண்ட வளர்ந்த கரு) எண்ணுங்கள். ஒரே நாளில் வந்த சினைப்பைகளை எல்லாக் கிணறுகளுக்கும் கலந்து பிரித்துக் கொடுங்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு நாள் சினைப்பைகளில் அதே விதமாக வந்தால்தான் வாத்தியாரிடம் கொண்டு போங்கள்.