மலிவான எம்.டி.எஃப் துண்டுகளில் வட்டவாளுக்கு ஒரு வழிகாட்டிப் பலகை: ஆரம்பநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

மரவேலையைப் புதிதாகத் தொடங்குபவர்கள் நல்ல வாளுக்கும் நல்ல பலகைக்கும் தாராளமாகச் செலவிடுகிறார்கள். அந்த வாளை நேராகச் செல்ல வைக்கும் துணைச் சாதனத்தைப் பற்றி மட்டும் அவ்வளவாக யோசிப்பதில்லை. அளவு பிசகாமல் வெட்டவும் துளையிடவும் நாமே செய்துகொள்ளும் இச்சாதனங்களைத் தச்சர்கள் ஜிக் என்று அழைப்பார்கள். இவற்றுக்குத் தேக்கோ மகோகனியோ வேண்டியதில்லை. திட மரம் காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்ப அகலவாட்டில் விரிந்து சுருங்குவதால், கொழும்பைப் போன்ற கடலோர நகரத்தில் இன்று நேராக இருக்கும் மரச்சட்டம் மழைக்காலம் முடியும்போதும் நேராகவே இருக்கும் என்று நம்பி வேலை செய்ய முடியாது. மரத்தை நாராக்கிப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் போன்ற ஷீட் பலகைகள் விலையில் மலிவானவை, தட்டையானவை, நார் ஓட்டம் இல்லாதவை. ஆகவே ஜிக் செய்வதற்கு அவையே பொருத்தமானவை என்பது என் உறுதியான கருத்து.

எல்லா ஷீட்டும் எல்லா வேலைக்கும் உதவாது. பிளைவூட் திருகாணியை இறுகப் பிடிக்கும், ஆனால் மலிவான பிளைவூட் முறுகியிருக்கும், உள்ளே வெற்றிடங்களும் இருக்கும். மரச்சீவல்களை அழுத்திச் செய்து மெலமைன் ஒட்டிய சிப்போர்டின் வழுவழுப்பு நகரும் ஜிக்குகளுக்கு ஏற்றது. ஆனால் அதன் மேற்பரப்பில் பசை பிடிக்காது, விளிம்பும் எளிதில் உடையும். கட்டட வேலையில் கொங்கிறீற்றுக்குப் பலகையடிக்கப் பயன்பட்ட கறுப்புப் பூச்சுப் பிளைவூட் மலிவாகக் கிடைத்தாலும், அதில் ஒட்டியிருக்கும் கொங்கிறீற்று வாளின் பல்லைக் கெடுத்துவிடும் என்பதால் தவிர்ப்பது நல்லது. முதல் ஜிக்குக்கு எம்.டி.எஃப்பையே தேர்ந்தெடுங்கள்.

முழு ஷீட் 8 அடிக்கு 4 அடி. 18 மி.மீ. தடிப்புள்ள ஒன்று ஏறத்தாழ 40 கிலோ எடை கொண்டது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு அதை மேலே கொண்டுபோவதே பெரும் பாடு. நம் ஜிக்கில் வாள் ஓர் அடிப்பலகையின் மேல், அதில் ஒட்டிய தடுப்புப் பட்டியை அணைத்தபடி நேராக ஓடும். ஆகவே நமக்கு இரண்டு துண்டுகள் போதும்: அடிப்பலகைக்கு 6 மி.மீ. தடிப்பில் 1400 மி.மீ. நீளம், 300 மி.மீ. அகலம், தடுப்புப் பட்டிக்கு 12 மி.மீ. தடிப்பில் அதே நீளம், 80 மி.மீ. அகலம். பழைய சோனகத் தெருப் பக்கத்து ஹாட்வெயார் கடைகளில் விசாரிக்கலாம். பான்ட்ரி அலுமாரி செய்யும் வேலைத்தளங்களில் கழிவாக ஒதுக்கிய துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். தடுப்புப் பட்டியை ஷீட்டின் ஓரத்திலிருந்தே வெட்டித் தரச் சொல்லி, தொழிற்சாலையில் வெட்டப்பட்ட அந்த ஓரத்தில் உடனேயே பென்சிலால் ஓர் அடையாளம் இடுங்கள். இந்த ஜிக்கின் துல்லியம் முழுவதும் அந்த ஒரு விளிம்பில்தான் தங்கியிருக்கிறது.

முதற்படியாக அந்த விளிம்பைச் சோதியுங்கள். பட்டியைத் தட்டையான பலகையொன்றின் மீது வைத்து, விளிம்பை ஒட்டிக் கூரிய பென்சிலால் நீளமாக ஒரு கோடு இழுங்கள். பின்னர் பட்டியைக் கோட்டுக்கு மறுபுறமாகப் புரட்டி, அதே விளிம்பைக் கோட்டின் இரு முனைகளிலும் பொருத்தி இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் விளிம்பு நேரானது. நடுவில் இடைவெளி தெரிந்தால் உண்மையான வளைவு அதில் பாதி, 1 மி.மீ. இடைவெளி தெரிந்தாலே அந்தப் பட்டியை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள்.

அடுத்து, உங்கள் வாளின் அடித்தட்டில், மோட்டார் இருக்கும் பக்கத்து ஓரத்திலிருந்து வாள்தகடு வரையுள்ள தூரத்தை அளந்து, அத்துடன் 10 மி.மீ. கூட்டுங்கள். அடிப்பலகையின் ஒரு நீள விளிம்பிலிருந்து அந்தத் தூரத்தில் கோடு இழுத்து, தொழிற்சாலை விளிம்பு அக்கோட்டில் அமையுமாறு தடுப்புப் பட்டியை ஒட்ட வேண்டும். பட்டிக்குப் பின்னால் எஞ்சும் இடம், ஜிக்கை வெட்டும் பலகையோடு இறுக்கும் கிளாம்பைப் பொருத்துவதற்கு. பட்டி 12 மி.மீ.க்கு மேல் தடிப்பாக இருந்தால், ஆழமாக வெட்டும்போது மோட்டார் அதில் முட்டக்கூடும்.

ஒட்டுவதற்கு முன் இரண்டு சிறு வேலைகள் உண்டு. பட்டியின் தொழிற்சாலை விளிம்பில், அடிப்பலகையைத் தொடும் கீழ் மூலையைச் சான்ட் பேப்பரால் 1 மி.மீ. அளவுக்குச் சரித்துவிடுங்கள், மரத்தூள் அந்தச் சிறு இடுக்கில் ஒதுங்குவதால் வாளின் அடித்தட்டு எப்போதும் விளிம்பையே தொட்டுச் செல்லும். அடிப்பலகையின் கீழிருந்து முடுக்கப் போகும் திருகாணிகளுக்கு முன்துளை இட்டு, அத்துளைகளின் வாயை இரு பலகைகளிலும் சற்று அகலமாக்குங்கள். எம்.டி.எஃப்பில் திருகாணி ஏறும்போது துளையைச் சுற்றியுள்ள பகுதி மேடாக எழும்பும்; கையால் தடவினால்தான் தெரியும் அந்த மேடு, இரண்டு பலகைகளும் ஒட்டி அமர்வதைத் தடுக்க அதுவே போதும். பின்னர் மரவேலைக்கான வெள்ளைப் பசையை மெல்லிதாகப் பூசி, 16 மி.மீ. திருகாணிகளால் முடுக்கி, பிதுங்கும் பசையை உடனே துடைத்துவிட்டு, ஓரிரவு தட்டையான தரையில் கிடக்க விடுங்கள்.

மறுநாள் ஜிக்கைக் கழிவுப் பலகையொன்றின் மேல் கிளாம்பால் இறுக்கி, தகடு அடிப்பலகையைத் தாண்டிச் சில மில்லிமீற்றர் மட்டும் இறங்குமாறு ஆழத்தைச் சரிசெய்து, வாளின் அடித்தட்டைப் பட்டியோடு அணைத்தபடி முழு நீளத்துக்கும் ஒரே ஓட்டமாக வெட்டுங்கள். மிகையாக விட்ட ஓரம் வெட்டுப்பட்டுப் போகும். எஞ்சும் விளிம்பு, உங்கள் வாள் எங்கே வெட்டும் என்பதைத் துல்லியமாகக் காட்டும். இனி வெட்ட வேண்டிய கோட்டில் இந்த விளிம்பைப் பொருத்தினால் போதும், கூட்டிக் கழிக்கும் கணக்கு எதுவும் தேவையில்லை. வைத்துக்கொள்ளப் போகும் பக்கம் ஜிக்கின் கீழேயும், கழிவு வெளியேயும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

எம்.டி.எஃப்பின் தூள் மிக நுண்ணியது. அதன் பிசினில் ஃபோர்மல்டிஹைட் உண்டு. ஆகவே நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசமும் கண்ணாடியும் அணியாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. மூடிய அறையில் வெட்டவும் வேண்டாம்.

கொழும்பில் இந்த ஜிக்கின் எதிரி ஈரம். எம்.டி.எஃப்பின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும், உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே வூட் சீலரை இரு முகங்களிலும் இரண்டு தடவையும், விளிம்புகளில் மூன்று தடவையும் பூசுங்கள்; ஒரு முகத்தில் மட்டும் பூசினால், மறுமுகம் ஈரத்தை இழுத்துப் பலகை வளையும். பூச்சு நன்றாகக் காய்ந்தபின், வாள் ஓடும் பகுதியில் நிறமற்ற மெழுகைத் தேயுங்கள். தரைக்குப் பூசும் சிவப்பு மெழுகைத் தவிருங்கள், அதன் சாயம் பலகைகளில் ஒட்டிக்கொள்ளும். சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளைந்துவிடும் என்பதால், ஒரு முனையில் துளையிட்டு ஆணியில் தொங்க விடுங்கள். சீமெந்துத் தரையைத் தொடாமல் இருக்கட்டும்.

வாள்தகட்டை மாற்றும்போது புதிய தகட்டின் வெட்டு அகலமும் மாறக்கூடும். அப்போது ஜிக்கின் விளிம்பு சரியான இடத்தைக் காட்டாது. எந்தத் தகட்டுக்காகச் செய்தது என்பதைப் பட்டியின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். வேறு தகட்டுக்கு, மிஞ்சிய துண்டுகளில் இன்னொன்று செய்துகொள்ளலாம்.