எனர்வேட் என்றால் எனர்ஜி ஏற்றுவது அல்ல

எனர்வேட் என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் எனர்ஜி ஞாபகத்துக்கு வந்து, 'உற்சாகமூட்டும்' என்று மொழிபெயர்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய, ரொம்ப நாள் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். அர்த்தம் நேர் எதிர். அக்னி நட்சத்திர வெயில் நம்மைத் துவள வைக்கிறதே, அதுதான் எனர்வேட்.

காரணம் அதன் வேரில் இருக்கிறது. லத்தீனில் நெர்வுஸ் என்றால் முதலில் தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நார், வில்லின் நாண்கூட. கிரேக்க நியூரானும் அப்படித்தான். எனர்வேட் என்றால் அந்த நாணை உருவிவிடுவது, உருவிவிட்டால் வில்லில் என்ன மிச்சம்? கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் ஹீரோஃபிலஸ் போன்ற மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்த்துத்தான் உணர்ச்சி கடத்தும் நரம்புகளைத் தனியே இனம் கண்டார்கள். பிறகு அந்தச் சொல் நரம்புக்குப் போனாலும் பழைய பொருள் முழுதாகப் போகவில்லை. உள்ளங்காலில் அபோநியூரோசிஸ் என்று ஒன்று இருக்கிறது. நியூரோ என்று பார்த்ததும் 'நரம்பு' என்று எழுதிவிடாதீர்கள், அது தட்டையான தசைநாண் படலம்.

நம் ஊர்க் குழப்பம் இன்னும் சுவாரசியம். யாழின் தந்தியும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு, கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் நரம்பு! 'நரம்பு ஊசி' போடும்போது ஊசி போவது நரம்புக்குள் அல்ல, சிரைக்குள், அதாவது ரத்தக்குழாய்க்குள். பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், மருத்துவக் கட்டுரையில் கூடாது. காலில் வெரிகோஸ் வெயின் வந்தவர் 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று நினைத்து நரம்பியல் மருத்துவரிடம் போய் உட்கார்ந்தால் பாதி நாள் வீண், அவர் பார்க்க வேண்டியது ரத்தநாள மருத்துவரை.

இலை நரம்பு மட்டும் சரியா என்றால், செடிக்கு நரம்பு மண்டலமே கிடையாது. அந்தக் கோடுகள் தண்ணீரும் சர்க்கரையும் போகிற குழாய்கள். ஆங்கிலத்தில் வெயின் என்றும் சொல்வார்கள், நெர்வ் என்றும் சொல்வார்கள். தாவரப் பெயரில் ட்ரைநெர்விஸ் என்று வந்தால் மூன்று நரம்புள்ளது என்று பொருள். நம் பிரியாணி இலையை எடுத்துப் பாருங்கள், அடியிலிருந்து நுனிப் பக்கமாக மூன்று நரம்பு நீளமாக ஓடும். மேல்நாட்டு பே இலையில் நடுவில் ஒன்றுதான். ரெண்டும் வேறு மரம், வாசனையும் வேறு.

அப்புறம் அன்றாட ஆங்கிலம். ஒருமையில் நெர்வ் என்றால் துணிச்சல், சில இடத்தில் திமிர். பன்மையில் நெர்வ்ஸ் என்றால் பதற்றம். ஒரு எஸ் சேர்ந்ததும் ஆள் தலைகீழ். 'லாஸ்ட் ஹிஸ் நெர்வ்' என்பதை 'நரம்பை இழந்தான்' என்று எழுதிவைத்தால் படிப்பவர் விபத்து என்று நினைப்பார், 'துணிச்சல் போய்விட்டது' என்றால் முடிந்தது. நெர்வி என்ற சொல்தான் மோசம்: பிரிட்டிஷ்காரர் சொன்னால் பதற்றக்காரர், அமெரிக்கர் சொன்னால் பெரும்பாலும் துடுக்கானவர். எழுதியவர் எந்த ஊர் என்று பார்த்துவிட்டுத்தான் அதில் கைவைக்க வேண்டும்.