அடிதடிக் காட்சிகளும் பிள்ளையின் நடத்தையும்: வீட்டில் என்ன செய்யலாம்?

கார்ட்டூன் முடிந்த கையோடு பிள்ளை தம்பியை எட்டி உதைத்தால், பெற்றோர் முதலில் செய்வது டிவியை நிறுத்துவதுதான். அதைவிட நின்று பலன் தருவது, பார்ப்பதையே மாற்றுவது. அமெரிக்காவின் சியாட்டிலில் 565 குடும்பங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் திரை பார்க்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அடிதடி நிகழ்ச்சிகளுக்குப் பதில் நட்பும் உதவியும் காட்டும் நிகழ்ச்சிகளைப் போடச் சொன்னார்கள். 6 மாதத்தில் குழந்தைகளின் நடத்தை தேறியிருந்தது.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதி மட்டும் வையுங்கள். என்ன பார்த்தது, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள், அடுத்த அரை மணி நேரம் எப்படி நடந்துகொண்டது என்று நான்கு கட்டம் போட்டு எழுதினால் போதும். விளையாட்டுச் சண்டையைக் குற்றமாக எழுதிவிடாதீர்கள். சிரித்துக்கொண்டே மாறி மாறித் துரத்தி, முடிந்த பிறகும் ஒன்றாக இருந்தால் அது விளையாட்டு. முகம் இறுகி, ஒருவரே அடித்து, மற்றவர் விலகி ஓடினால்தான் கவனிக்க வேண்டும்.

குறிப்பைப் படிக்கும்போது எந்த வகை வன்முறை என்று பாருங்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்ததைப் பார்த்த குழந்தைகள் அதே அடியை, அதே வார்த்தைகளோடு திருப்பிச் செய்தார்கள். 1963-ல் படமாகக் காட்டியபோதும் அப்படித்தான். ஆகவே ரத்தம் தெரிகிறதா என்பதை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். நல்லவன் அடிக்கிறான், பாராட்டு கிடைக்கிறது, அடிபட்டவன் அடுத்த நொடியே எழுந்துவிடுகிறான் என்றால், அந்தச் 'சிரிப்பு' கார்ட்டூன்தான் சிறு பிள்ளைக்கு மோசமான பாடம்.

மாற்றும்போது பிள்ளைக்குப் பிடித்ததை விட்டுவிடாமல் மாற்றுங்கள். வேகம் பிடிக்குமென்றால் பந்தயம், ரோபோ பிடிக்குமென்றால் ரோபோ செய்யும் நிகழ்ச்சி, துரத்தல் பிடிக்குமென்றால் காட்டு விலங்குகள் (வேட்டைக் காட்சி வராதவையாக). வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சியை மாற்றினால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்தால், பக்கத்து வீட்டிலோ அண்ணன் போனிலோ பார்க்கத் தொடங்கிவிடும்.

கூட உட்கார்ந்து பார்ப்பது நல்லதுதான், ஆனால் பேசாமல் உட்காராதீர்கள். உங்கள் மௌனத்தைப் பிள்ளை சம்மதமாகவே எடுத்துக்கொள்ளும். நீளமாக அறிவுரையும் சொல்ல வேண்டாம். ஒரு காட்சிக்கு ஒரே கேள்வி: "அடி வாங்கினவனுக்கு இப்ப எப்படி இருக்கும்?" அடிபட்டவர் பக்கமிருந்து யோசிக்க வைத்தால், அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு வரும் முரட்டுத்தனம் குறைகிறது. பிள்ளை பதில் சொல்லாவிட்டால் வற்புறுத்தாமல் நீங்களே சொல்லிவிடுங்கள்: "கை வலிக்கும், அம்மாகிட்ட ஓடணும்போல இருக்கும்."

போனிலும் டிவியிலும் ஆட்டோபிளேயை (அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை) அணைத்து வையுங்கள். நல்ல வீடியோவுக்குப் பின்னால் கண்டது வருவது அந்த வழியாகத்தான். நிறுத்துவதென்றால் எபிசோடு முடிந்ததும் நிறுத்துங்கள். பாதியில் பிடுங்கினால் வரும் கத்தலைக் காட்சியின் விளைவு என்று தப்பாக எழுதிவிடுவீர்கள். பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது ஒன்று உண்டு: பெரியவர்கள் பார்க்கும் செய்தியும் சீரியலும். பிள்ளை தரையில் விளையாடினாலும் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

பெரிய பிள்ளைகளின் கேம் விஷயத்தில் பயமுறுத்திப் பேசாதீர்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2015-ல், வன்முறை கேம்களுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. குற்றச் செயல்களோடு தொடர்பு உண்டென்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. "இதை ஆடினா கொலைகாரன் ஆயிடுவ" என்றால், அது உண்மையில்லை என்று பிள்ளைக்கே தெரியும், அடுத்து நீங்கள் சொல்வதையும் நம்பாது. வயதுக் குறியீட்டைப் பாருங்கள், பிள்ளையோடு சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள், முன்பின் தெரியாதவர்களோடு பேசும் குரல் வசதியை மூடுங்கள்.

அடிப்பது மட்டும் அறிகுறி அல்ல. இருட்டைக் கண்டு பயம், கெட்ட கனவு, தனியாகப் படுக்க மறுப்பது ஆகியவையும் பார்த்ததன் விளைவாக இருக்கலாம். அப்போது படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குத் திரையே வேண்டாம். பார்ப்பதை மாற்றிச் சில வாரங்கள் ஆகியும் அடி குறையவில்லை, விலங்குகளை வதைக்கிறது, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்றால் காரணம் திரைக்கு வெளியே இருக்கலாம். எழுதி வைத்த குறிப்போடு குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள்.