காண்ட்ரா மூன்றாவது ஸ்டேஜ்: இரண்டு பேர் சேர்ந்து அருவி ஏறுவது எப்படி?

தீபாவளி லீவுக்குத் தம்பி கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரிக்கு வந்திருந்தான். ஐப்பசி மழை. நான்கு மணிக்கே மேகம் வாசல்வரை இறங்கிவிட்டது. சின்ன வயதில் கேசட் போட்டு ஆடிய காண்ட்ரா என்ற வீடியோ கேமை இந்த முறை முடித்தே தீருவது என்று இருவரும் உட்கார்ந்தோம். முதல் இரண்டு ஸ்டேஜ் ஒரே மாலையில் முடிந்தது. மூன்றாவதான அருவியில் மட்டும் நான்கு நாள் மாட்டிக்கொண்டோம். ஐந்தாவது நாள் ஏறிவிட்டோம். அதே இடத்தில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்தக் காண்ட்ரா?

1987-ல் கொனாமி நிறுவனம் ஆர்கேடுக்காக (காசு போட்டு ஆடும் இயந்திரம்) கொண்டுவந்த ஆட்டம் இது. நம் ஊர் கேசட்களில் இருந்தது, 1988-ல் வந்த நின்டெண்டோ வடிவம். நான் இப்போது ஆடுவது 2019-ல் வெளியான காண்ட்ரா அனிவர்சரி கலெக்‌ஷன் என்ற பழைய ஆட்டங்களின் தொகுப்பில். அதில் ஆட்டத்தை இடையில் சேமிக்கலாம், பழகுவதற்கு அது ஒன்றே போதும். பிறகு வந்த அப்டேட்டில் ஜப்பானிய வடிவங்களையும் சேர்த்தார்கள். நான் ஜப்பானிய வடிவத்தைத்தான் சிபாரிசு செய்வேன். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வரைபடம் காட்டும், பனி ஸ்டேஜில் நிஜமாகவே பனி கொட்டும். கதை 2633-ல், கலுகா தீவுகளில் நடக்கிறது. பில், லான்ஸ் என்ற இரண்டு வீரர்களும் ரெட் ஃபால்கன் படையை ஒழிக்கப் போகிறார்கள். கதை அவ்வளவுதான்.

டிவியைச் சரிசெய்யுங்கள்

இதைச் செய்யாமல் ஸ்டேஜுக்குள் போகவே போகாதீர்கள். ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் போகிற ஆட்டம் இது. ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடுகிறது. உங்கள் டிவி 100 மில்லி விநாடி தாமதமாகக் காட்டினால், நீங்கள் பார்ப்பது ஆறு ஃபிரேம் பழைய படம். குண்டு அதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

முதல் இரண்டு நாள் எனக்குத்தான் கை ஓடவில்லை என்று நினைத்தேன். பிறகு ஃபோனில் ஸ்லோ மோஷன் வைத்து, கட்டை விரலும் திரையும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். பொத்தானை அழுத்தி வெகு நேரம் கழித்துத்தான் பில் குதித்தான். டிவி செட்டிங்ஸில் படம் என்ற பகுதிக்குள் கேம் மோட் இருந்தது. அதைப் போட்டு மறுபடி படம் எடுத்தேன், வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. நீங்களும் இப்படியே சோதித்துப் பாருங்கள்.

கன்ட்ரோலர் விஷயத்தில் நான் கண்டிப்பு: வயர் உள்ளது வாங்குங்கள், திசைக்குச் சிலுவை பொத்தானையே பயன்படுத்துங்கள். உருட்டும் குச்சி வேண்டவே வேண்டாம். நேர் கீழே அழுத்தினால் ஆள் தரையில் படுப்பான், குண்டு தலைக்கு மேலே போய்விடும். குச்சி இம்மி சாய்ந்தாலும் ஆட்டம் அதை மூலைத் திசையாக எடுத்துக்கொள்ளும். ஆள் படுக்காமல், கீழ்நோக்கிச் சுட்டுக்கொண்டே நேராகக் குண்டுக்குள் ஓடுவான்.

துப்பாக்கி

ஆட்டத்தில் துப்பாக்கிகள் எழுத்துகளாக விழும், தொட்டால் கைக்கு வரும். எஸ் கிடைத்தால் அதை விடாதீர்கள். விசிறி மாதிரி விரிந்து சுடும். கையில் எஸ் இருக்கும்போது எல், எஃப் எழுத்துகள் விழுந்தால் தாண்டிக் குதித்துவிடுங்கள், தொட்டாலே எஸ் போய்விடும். எல் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முதல் கதிர் திரையில் இருக்கும்போதே மறுபடி அழுத்தினால் அது அறுந்து புதிதாகக் கிளம்பும், பதற்றத்தில் அழுத்திக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒத்துவராது.

அருவி

முதல் ஸ்டேஜில் திரை வலப்பக்கம் நகரும். இங்கே மேலே மட்டும்தான் நகரும், கீழே இறங்காது. சற்றுமுன் நீங்கள் நின்றிருந்த பாறை திரையின் கீழ் விளிம்பைத் தாண்டிவிட்டால், அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விழுந்தால் உயிர் போகும்.

இருவர் ஆடும்போது இது இரண்டு மடங்கு ஆபத்து. மேலே இருப்பவர் குதிக்கக் குதிக்கத் திரை ஏறும். கீழே இருப்பவரை எந்த எதிரியும் தொட வேண்டாம், விளிம்பே முடித்துவிடும். மூன்று நாள் நான்தான் தம்பியைக் கொன்றுகொண்டிருந்தேன். "அக்கா, நில்லுக்கா!" என்று அவன் கத்துவான். எதிரி வருகிறான் என்று எச்சரிக்கிறான் போல என்று நினைத்து நான் இன்னும் வேகமாக ஏறுவேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. அதில் முன்னால் ஏறுபவர் நின்று, பின்னால் வருபவர் கால் ஊன்றியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி வைப்பார். அதையே ஆட்டத்துக்குள் கொண்டுவந்தோம்:

முன்னால் போகிறவர் ஒரே ஒரு பாறை ஏறி நிற்பார், இடமும் வலமும் வருகிறவர்களைச் சுடுவார். பின்னால் இருப்பவர் அங்கிருந்தே மேல்நோக்கிச் சுட்டு வழியைச் சுத்தம் செய்வார். உங்கள் குண்டு கூட்டாளியைத் தொடாது, தைரியமாகச் சுடலாம். பிறகு பின்னவர் ஏறி, கால் பதிந்ததும் "வா" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் கேட்காமல் முன்னவர் குதிக்கக் கூடாது. எஸ் ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதை முன்னவருக்குக் கொடுங்கள்.

நெருப்பு ஓடும் பாலத்தில் அது உங்களை விட்டு விலகும்போது குதியுங்கள். உருண்டு வரும் பாறைகளுக்கு அவசரப்படாமல் ஓரமாக நின்று வழிவிடுங்கள். உச்சியில் இரண்டு கை ஆட்டும் பூதம் இருக்கும். ஆளுக்கு ஒரு கை எடுத்துக்கொண்டு நுனியை மட்டும் சுடுங்கள். இரண்டும் விழுந்த பிறகு, வாய் திறக்கும்போதெல்லாம் அதற்குள் சுடுங்கள்.

பழகும்போது மூன்றாவது ஸ்டேஜ் தொடங்கிய உடனே ஒரு முறை சேமித்துவிடுங்கள். இங்கே மழையில் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, எங்களிடம் யுபிஎஸ் இருந்ததால் பிழைத்தோம்.

சேர்க்கை 1: முப்பது உயிர் தரும் ரகசியக் குறியீடு வேலை செய்யவில்லை என்று கமென்ட்டில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் வரை எல்லோரும் சரி. அடுத்து வரும் பி, ஏ இரண்டிலும்தான் சிக்கல். பழைய நின்டெண்டோவில் பி என்றால் சுடும் பொத்தான், ஏ என்றால் குதிக்கும் பொத்தான். உங்கள் கன்ட்ரோலரில் அதே எழுத்துகள் வேறு இடத்தில் இருக்கலாம். எழுத்தைப் பார்க்காதீர்கள். முதலில் சுடும் பொத்தான், பிறகு குதிக்கும் பொத்தான். இருவர் ஆட, ஸ்டார்ட்டுக்கு முன் செலக்டை ஒரு முறை அழுத்த வேண்டும்.

சேர்க்கை 2: குன்னூர் வாசகர் ஒருவர், 2024-ல் வந்த ஆபரேஷன் கலுகாவில் இந்த யோசனைகள் பொருந்தவில்லை என்றார். அது காண்ட்ராவைப் புதிதாகச் செய்த ஆட்டம். பல குண்டு தாங்கும்படி வைத்துக்கொள்ளலாம், காற்றிலேயே இரண்டாவது முறை குதிக்கலாம். நான் எழுதியது பழையதற்கு மட்டும்.

சேர்க்கை 3: "வா" சொல்லியும் தன் தம்பி விழுகிறான் என்று ஒருவர் கேட்டிருந்தார். குதித்த உடனே சொல்கிறான் என்று நினைக்கிறேன். கால் பாறையில் பட்ட பிறகு சொல்லச் சொல்லுங்கள்.