அசையும் விளம்பரத்தில் தமிழ் உடையாமல் இருக்க

கொழும்பு வெள்ளவத்தையில் புடவைக் கடைக்கோ கேட்டரிங் சேவைக்கோ அசையும் இணைய விளம்பரம் செய்து கொடுப்பவரா? கூகுள் வெப் டிசைனரை ஒருமுறை முயன்று பாருங்கள். 2013இல் வந்த இலவச மென்பொருள். விளம்பரத்தை, உலாவியில் நேரடியாக ஓடும் எச்டிஎம்எல்5 வடிவில் தரும். முதலில் 300×250 பிக்சல் அளவில் ஒரு பேனர் போதும். டைம்லைனில் (காட்சிகளைக் கால வரிசையில் காட்டும் பட்டை) குயிக் என்ற எளிய முறையில் காட்சிகளை அடுக்கினால் இடைப்பட்ட அசைவை அதுவே நிரப்பிவிடும்.

சிக்கல் தமிழில்தான். எழுத்து எழுத்தாகத் தோன்றும் எஃபெக்ட் ஆங்கிலத்துக்கு அழகு. தமிழில் அதையே போட்டால் ‘கொ’வின் கொம்பும் காலும் ககரத்தை விட்டுப் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் வந்து நிற்கும். வாடிக்கையாளர் பார்த்தால் அவ்வளவுதான்! சொல் சொல்லாக அசையுங்கள். பெரிய தலைப்பு என்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் எழுத்தை பாத் ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, எஸ்விஜி படக் கோப்பாகச் சேருங்கள்; எழுத்துரு ஏற்றும் சுமையும் மிச்சம். சிங்களத்துக்கும் இதே வழிதான்.

கூகுள் விளம்பரங்களில் அசைவு 30 விநாடிக்குள் நின்றுவிட வேண்டும். விலையையும் தொலைபேசி எண்ணையும் கடைசிக் காட்சியில் வையுங்கள், அதுதான் திரையில் தங்கும். அனுப்புமுன் கைபேசியிலும் திறந்து பாருங்கள்.