பெயின்ட் உரிந்த புரொப்பெல்லரைச் சோதிக்கும் முறை

படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் அலுமினியப் புரொப்பெல்லரில் கறுப்புப் பெயின்ட் உரிந்திருந்தால், உப்புத்தாளை எடுப்பதற்கு முன், அது எந்த இடத்தில், எந்தப் பக்கத்தில், எத்தனை இறக்கைகளில் உரிந்திருக்கிறது என்று பார்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தேய்த்துவிட்டால் தடயம் அழிந்துவிடும். கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றையும் ஸ்பார்க் பிளக் வயர்களையும் கழற்றிய பிறகே இறக்கையில் கை வைக்க வேண்டும்.

நுனியிலும், தண்ணீரை முதலில் வெட்டும் முன்விளிம்பிலும் மட்டும் பெயின்ட் போய், உலோகம் வழுவழுப்பாகப் பளபளத்தால் அது மணலின் வேலை. முகத்துவாரத்திலும் ஆழமில்லாத கரையோரத்திலும் ஓடும் படகுகளில் இது இயல்பு; விளிம்பு மெலிந்தோ மழுங்கியோ போகாதவரை கவலைப்பட வேண்டியதில்லை.

படகைப் பார்த்திருக்கும் பக்கத்தில் திட்டாகப் பெயின்ட் போய், விரலுக்குச் சொரசொரப்பாகச் சிறு குழிகள் தட்டுப்பட்டால் அது கேவிடேஷன். இறக்கையின் அந்தப் பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறையும்போது, தண்ணீர் சூடாகாமலேயே ஆவிக்குமிழ்களாக மாறுகிறது. அந்தக் குமிழ்கள் சற்றுத் தள்ளி, அழுத்தம் கூடும் இடத்தில் நொறுங்கும்போது விழும் அடிதான் முதலில் பெயின்ட்டையும் பிறகு உலோகத்தையும் பெயர்க்கிறது. திட்டு ஓர் இறக்கையில் மட்டும் இருந்தால், அதற்கு முன்னால் உள்ள விளிம்பில் வெட்டு அல்லது வளைவு இருக்கிறதா என்று தேட வேண்டும். கியர் கேஸில் (புரொப்பெல்லரைத் தாங்கும் மோட்டாரின் அடிப்பகுதி) ஒரு குச்சியை அசையாமல் கட்டி, அதன் முனை இறக்கை நுனியை உரசும்படி வைத்து, புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றினால், வளைந்த இறக்கை விலகியோ இடித்தோ காட்டிக்கொடுக்கும். எல்லா இறக்கைகளிலும் ஒரே இடத்தில் இருந்தால், புரொப்பெல்லருக்கு முன்னால் நீரோட்டத்தைக் கலைக்கும் பொருள், அதிகச் சுமை, பொருந்தாத பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அந்த இடத்தில் நிற்காது.

புகை, இறக்கைகள் பொருந்தியிருக்கும் நடுப்பகுதியான குடத்தின் வழியே வெளியேறும் மோட்டார்களில் இறக்கையின் அடிப்பாகம் கரிபடிந்து நிறம் மாறுவது பெரும்பாலும் தோற்றக் குறைதான்.

பெயின்ட் கொப்புளித்து, அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது மின்வேதி அரிப்பு. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. கடல் நீரில், மோட்டாரில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி தனக்குள் அரிப்பை வாங்கிக்கொண்டு அலுமினியத்தைக் காக்கிறது. அது பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். சிலர் அழகுக்காக அதன்மேலும் பெயின்ட் அடித்துவிடுவதால் அது வேலை செய்வதில்லை. செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட்டை அலுமினியத்தில் பூசக் கூடாது. வெண்கலப் புரொப்பெல்லர் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் உலோகக் கலவையிலிருந்து துத்தநாகம் வெளியேறுகிறது என்று பொருள்.

காரணம் தீர்ந்தபின், அலுமினியத்திற்கான பிரைமர் பூசி மெல்லிய பூச்சுகளாகப் பெயின்ட் அடிக்கலாம். முழு வேகத்தில் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) கையேட்டின் வரம்பைத் தாண்டினால், குடத்தின் உட்குழலுக்கும் வெளிப்பகுதிக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு விலகியிருந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் புஷ் நழுவுகிறது, விலகாவிட்டால் இறக்கைகளின் தேய்மானத்தையும் மோட்டார் பொருத்திய உயரத்தையும் பார்க்க வேண்டும்.